பார் போட்ட சைக்கிள்

முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கறேன் மக்களே. நான் சைக்கிள் வாங்கினது சுற்றுச்சூழலைக் காப்பாத்தவும் இல்ல, தொப்பையைக் குறைக்கவும் இல்ல. 2024 கடைசியில பொட்டி தட்டிக்கிட்டிருந்த கம்பெனியில ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு, இனிமே உனக்கு ஆணி இல்லப்பான்னு சொல்லிட்டாங்க. அஞ்சு மாசம் கழிச்சு அம்பத்தூர் எஸ்டேட்ல வேற வேலை கிடைச்சுது. சம்பளம் பழசுல முக்கால்வாசிதான். பைக்குக்கு மாசம் 4,800 ரூபா இ.எம்.ஐ. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் அப்படியேதான் இருந்துது. எதை வெட்டறதுன்னு உக்காந்து யோசிச்சதுல பைக்தான் மாட்டுச்சு. வித்து கடனை அடைச்சேன்.

வில்லிவாக்கத்துல ரூம். அங்கேர்ந்து பாடி, மன்னூர்பேட்டை வழியா எஸ்டேட் வரைக்கும் சுமாரா ஏழு கிலோமீட்டர். பஸ் இருக்கு. ஆனா எங்க ஷிப்டுக்கும் பஸ்ஸுக்கும் ஏழாம் பொருத்தம். சரி, சைக்கிள்தான்னு முடிவு பண்ணினேன். என்ஜினீயரிங் படிச்ச பயபுள்ள இல்லையா, நேரா போய் கடையிலயே நல்லா மினுக்கற வண்டியா பார்த்து வாங்கினேன். 21 கியர், முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் ஸ்பிரிங், டிஸ்க் பிரேக், குண்டு குண்டா டயர். 11,500 ரூபா. பேர் சொல்ல மாட்டேன், தப்பு கம்பெனி மேல இல்ல, என் மேலதான்.

அந்த வண்டி எனக்குச் சொல்லிக் குடுத்த பாடம் கொஞ்சநஞ்சமில்ல. பின்னாடி ஸ்பிரிங் இருக்கே, அது நான் மிதிக்கிற மிதியில ஒரு பங்கைத் தானே வாங்கி அமுங்கி எந்திரிச்சு வீணாக்கும். மலையில குதிக்கிற வண்டிக்கு அது வேணும், பாடி பாலத்துல ஏறுற வண்டிக்கு எதுக்கு? மட்கார்டு கிடையாது, அதனால முதல் மழையில முதுகு முழுக்க ஒரு சேத்துக் கோடு. செயின் கவர் இல்லாம பேண்ட்ல கிரீஸ். கேரியர் இல்லாம லேப்டாப் பை முதுகுல, முதுகு பூரா வேர்வை. மூணாம் மாசம் பின்னாடி கியர் மாத்தற கை வளைஞ்சு போச்சு. எங்க தெருமுனை சைக்கிள் கடை பாய் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "தம்பி, இதுக்கு நான் கை வெச்சா இன்னும் கெடும், கொண்டு போயிரு"ன்னுட்டார். 4,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன்.

அப்புறம்தான் கொஞ்சம் நிதானமா யோசிக்க ஆரம்பிச்சேன். தினமும் வேலைக்குப் போய் வர, கம்மி விலையில ஒரு சைக்கிள். இந்தக் கேள்விக்கு உலகத்துல ஏற்கெனவே யாரோ விடை கண்டுபிடிச்சிருக்கணுமே? கண்டுபிடிச்சிருக்காங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம தாத்தாக்கள் ஓட்டின அந்தக் கறுப்பு வண்டிதான் விடை. அது எப்படி விடையாச்சுங்கற கதையைத் தேடிப் போனதுல ராத்திரி தூக்கம் போச்சு. அதைத்தான் இங்க கொட்டப் போறேன்.

இன்னைக்கு நாம பார்க்கற சைக்கிளோட உருவம், அதாவது ஒரே அளவு ரெண்டு சக்கரம், நடுவுல பெடல், பின்சக்கரத்துக்குச் செயின், 1885ல இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரத்துல ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டு வந்த 'ரோவர்' வண்டியில நிலைச்சுது. அதுக்கு முன்னாடி முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்கும். கீழ விழுந்தா மண்டைதான். அதனாலதான் புதுசுக்கு 'பாதுகாப்பு சைக்கிள்'னே பேர் வெச்சாங்க. 1888ல பெல்ஃபாஸ்ட்ல இருந்த கால்நடை டாக்டர் டன்லப் காத்தடிச்ச டயரைக் கொண்டு வந்தார். இந்த ரெண்டும் சேர்ந்ததும் பெரிய கண்டுபிடிப்பெல்லாம் கிட்டத்தட்ட முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் விலையைக் குறைக்கிற வேலைதான், என்னைக் கேட்டா அதுதான் சுவாரசியமான வேலை.

1880களோட கடைசியில நாட்டிங்ஹாம்ல ராலே கம்பெனி ஆரம்பிச்சுது. அவங்களும் மத்த பிரிட்டிஷ் கம்பெனிகளும் சேர்ந்து மெருகேத்தின வண்டி 'ரோட்ஸ்டர்'. யாருக்காகச் செஞ்சாங்கன்னு பார்த்தா அதோட ஒவ்வொரு பாகமும் புரியும். ஆலைக்கும் ஆபீஸுக்கும் நல்ல உடுப்பு போட்டுக்கிட்டுப் போற ஆளுக்காகச் செஞ்சது. அதனால செயினை மூட முழுக்கவர், ரெண்டு சக்கரத்துக்கும் மட்கார்டு, நிமிந்து உக்கார உயரமான ஹேண்டில்பார், சாமான் கட்ட கேரியர். அப்போ ரோடு மோசம், அதனால 28 இஞ்ச் சக்கரம். பெரிய சக்கரம் சின்னப் பள்ளத்துல இறங்காம தாண்டிப் போயிடும். முன் ஃபோர்க் நல்லா சாய்ஞ்சு வளைஞ்சு இருக்கும், அந்த வளைவே ஒரு ஸ்பிரிங் மாதிரி குலுக்கலை வாங்கிக்கும். நான் 11,500 ரூபா குடுத்து வாங்கின வண்டியில எதெல்லாம் இல்லாம அவஸ்தைப்பட்டேனோ, அதெல்லாம் இதுல இருக்கு. அதுல இருந்தது எதுவும் இதுல இல்ல :-)

பிரேக்கைப் பத்தி ஒரு வார்த்தை. இதுல கேபிள் கிடையாது. கைப்பிடியிலேர்ந்து இரும்புக் கம்பிகளே கீழ வரை போகும். பிடிச்சா ரப்பர் கட்டை ரிம்மோட உள்பக்கத்தை மேல் நோக்கி இழுத்து அமுக்கும். மழையில இந்தப் பிரேக் சுமார்தான், இரும்பு ரிம் நனைஞ்சா ரப்பர் வழுக்கும், அதை மறைக்கக் கூடாது. ஆனா கேபிள் அறுந்து நடுரோட்ல நிக்கிற கதை மட்டும் வராது.

இந்த வண்டியை ரொம்ப சல்லிசா விக்கணும்னு கிளம்பின கம்பெனி ஒண்ணு இருக்கு. 1910ல பர்மிங்காம்ல கிரேன் சகோதரர்கள் ஆரம்பிச்ச ஹெர்குலிஸ். பேரைக் கேட்டதும் நம்ம ஊர் கம்பெனின்னு நெனச்சிருப்பீங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரே மாதிரி வண்டியை மலைபோல செஞ்சு கம்மி விலைக்கு விக்கறதுதான் அவங்க தந்திரம். 1930கள்ல பிரிட்டனோட பெரிய சைக்கிள் கம்பெனிகள்ல ஒண்ணா வளர்ந்துட்டாங்க. பி.எஸ்.ஏ. இன்னும் வேடிக்கை. விரிச்சா 'பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்', அதாவது துப்பாக்கிக் கம்பெனி. துப்பாக்கி ஆர்டர் குறைஞ்ச காலத்துல சைக்கிளுக்கு வந்தவங்க. அடுக்கி வெச்ச மூணு துப்பாக்கிதான் அவங்க சின்னமே. எங்க அத்தைப் பொண்ணு பூக்கூடை மாட்டின பி.எஸ்.ஏ. லேடிபேர்ட்ல டியூஷனுக்குப் போன காட்சி ஞாபகம் வந்து சிரிச்சிட்டேன்.

இந்தியாவுக்கு இந்த வண்டிகள் ரொம்ப நாள் கப்பல்லதான் வந்துது. முதல்ல துரைமார், அப்புறம் வக்கீல், குமாஸ்தா, தபால்காரர், போலீஸ்னு படிப்படியா கீழ இறங்கிச்சு. 1930கள்ல ஜப்பான் வண்டி பாதி விலையில வந்து பிரிட்டிஷ்காரங்களுக்கு வயித்தெரிச்சலைக் குடுத்துது. சுதந்திரத்துக்கு அப்புறம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, இங்கயே செய்யச் சொன்னாங்க. நம்ம கதை இங்கதான் சூடு பிடிக்குது.

1949ல முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து மெட்ராஸ் பக்கத்துல அம்பத்தூர்ல டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினாங்க. டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் 1946லயே ஹெர்குலிஸை வாங்கியிருந்தாங்க. பிலிப்ஸும் அவங்களோடதுதான். பிற்பாடு பி.எஸ்.ஏ. சைக்கிளும் அவங்க கைக்குப் போச்சு. அந்தப் பேரெல்லாம் அம்பத்தூருக்கு வந்த வழி இதுதான். அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்ததே 1960கள்லதான். அதாவது நான் இப்போ ஏ.சி.ல உக்காந்து ஆணி புடுங்கற எஸ்டேட்டுக்கு முன்னாடியே அந்த ஊருக்கு சைக்கிள் வந்துட்டுது. ரெண்டு மாசம் அந்த வழியா ஸ்பிரிங் வண்டியில முக்கி முக்கிப் போயிருக்கேன், இது தெரியாம!

அதே காலத்துல வங்காளத்துல ஆசன்சோல் பக்கம் சென்-ராலே (பின்னாடி அரசுடைமையாகி, அப்புறம் மூடிட்டாங்க), 1951ல சோனிபட்ல அட்லஸ். 1956ல லூதியானாவுல ஹீரோ. ஹீரோவை ஆரம்பிச்ச முஞ்சால் சகோதரர்கள் இன்றைய பாகிஸ்தான்ல இருக்கற கமாலியாவைச் சேர்ந்தவங்க. அமிர்தசரஸ் வந்து, பிரிவினைக்குப் பிறகு லூதியானாவுக்கு மாறி, முதல்ல சைக்கிள் பாகங்கள் வித்து, செஞ்சு, அப்புறம்தான் முழு வண்டிக்கு வந்தாங்க. 1986ல உலகத்துலயே அதிக சைக்கிள் செய்யற கம்பெனின்னு கின்னஸ் புத்தகத்துல ஏறினாங்க.

எண்ணிக்கையைப் பார்த்தா மலைப்பா இருக்கும். 1950-51ல நாடு முழுக்க செஞ்சது சுமாரா ஒரு லட்சம் சைக்கிள். 1955-56ல அஞ்சு லட்சத்துக்கு மேல. 1960-61ல பத்து லட்சத்தைத் தாண்டிட்டுது. ஐந்தாண்டுத் திட்டங்களைப் பத்தி நம்மாளுங்க ஆயிரம் குறை சொல்வாங்க, நானும் சொல்வேன். ஆனா இந்தக் கணக்குல அது பாஸ்.

என் பார்வையில இதுல முக்கியமான விஷயம் பெரிய கம்பெனிகள் இல்ல, லூதியானாவோட சந்துபொந்துகள்தான். பெடல் ஒருத்தர், ஸ்போக்ஸ் ஒருத்தர், பெல் ஒருத்தர், செயின் ஒருத்தர்னு சின்னச் சின்ன பட்டறைகள் ஆயிரக்கணக்குல முளைச்சுது. எல்லாரும் அந்த ஒரே பிரிட்டிஷ் அளவுலதான் செஞ்சாங்க. அதனால அட்லஸ் செயின் ஹீரோவுக்கு மாட்டும், ஹீரோ ஃப்ரீவீல் ஹெர்குலிஸுக்கு மாட்டும். சாப்ட்வேர்ல இதைச் சாதிக்க நாம எத்தனை மீட்டிங் போடறோம்! ஒரே அளவுங்கறதால உதிரிபாகம் எந்தக் கிராமத்துலயும் கிடைச்சுது. கிடைச்சதால ஒவ்வொரு தெருமுனையிலயும் ஒரு சைக்கிள் கடை. பஞ்சர், கோட்டம் எடுக்கறது, வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா பிரிச்சு பால்ஸைக் கொட்டி மண்ணெண்ணெயில கழுவி கிரீஸ் வெச்சு ஓவராயில் பண்றது. வாங்கற விலை ஒரு பக்கம், பத்து வருஷம் வெச்சுக்கற விலை இன்னொரு பக்கம். ரெண்டாவதுதான் ஏழைக்கு முக்கியம். இங்கிலாந்துல 1900களோட தொடக்கத்துலயே ஸ்டர்மி-ஆர்ச்சர்னு சக்கரத்தோட நடு உருளைக்குள்ளயே மூணு கியர் வர்ற மாதிரி செஞ்சுட்டாங்க. வேலைக்குப் போறவங்க அங்க அதை விரும்பி வாங்கினாங்க. இங்க அது பரவலை. ஏன்னு கேட்டீங்கன்னா எனக்குத் தோணறது, நம்ம தெருமுனை பாய் அதைப் பிரிச்சு மாட்ட முடியாதுங்கறதுதான்.

சீனாவுல 1950ல தியான்ஜின்ல செய்ய ஆரம்பிச்ச 'பறக்கும் புறா' சைக்கிளும் இதே குடும்பம்தான், அதே கம்பி பிரேக், அதே 28 இஞ்ச். கென்யாவுல இந்த மாதிரி கறுப்பு வண்டிக்குச் செல்லப்பேர் 'பிளாக் மாம்பா'. மூணு கண்டத்துல ஒரே வண்டி!

கியர் இல்லாம எப்படிடான்னு நீங்க கேக்கறது காதுல விழுது. ஒரு சின்னக் கணக்கு. பாய் கடையில நின்ன வண்டியில பல்லை எண்ணினேன். முன்னாடி 44, பின்னாடி 18. ஒரு தடவை மிதிச்சா பின்சக்கரம் 2.44 சுத்து. டயரோட சேர்த்து சக்கரத்தோட விட்டம் 71 சென்டிமீட்டர், சுற்றளவு 2.23 மீட்டர். ஆக ஒரு மிதிக்கு கிட்டத்தட்ட ஐந்தரை மீட்டர். நிமிஷத்துக்கு 60 மிதி, அதாவது பாட்டுக்குத் தாளம் போடற மாதிரி சாவகாசமா மிதிச்சாலே மணிக்கு 19, 20 கிலோமீட்டர். சமதளமான மெட்ராஸுக்கு இதுக்கு மேல என்ன கியர் வேணும்? பாலம் ஏறும்போது மட்டும் எந்திரிச்சு நின்னு மிதிக்கணும். இல்லாட்டி இறங்கித் தள்ளணும். நான் தள்ளிக்கிட்டுத்தான் போறேன். யாருக்கு என்ன.

சரி, இப்போ கொசுவத்தியைச் சுத்தறேன். அம்மா கதைக்கு வரணும்.

கறுப்பு ரோட்ஸ்டர் வாங்கலாம்னு முடிவு பண்ணி அம்மாவுக்கு போன் போட்டேன். பைக்கை வித்ததை அதுவரைக்கும் சொல்லலை. ஸ்பிரிங் வண்டியைப் பத்தியும் சொல்லலை. எல்லாத்தையும் ஒரேடியா சொன்னதும் ரெண்டு நிமிஷம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம், "என்ஜினீயர் படிக்க வெச்சு, கடைசியில சைக்கிள்ல போறியாடா தம்பி? ஊர்ல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. ஏன்னா இதைச் சொல்றது யாரு தெரியுமா? எங்கம்மா புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர் பக்கம். 1991ல அங்க அறிவொளி இயக்கம் நடந்துச்சு. ஷீலா ராணி சுங்கத் அப்போ கலெக்டர். எழுத்தறிவு இயக்கம்தான், ஆனா பொம்பளைங்க படிக்கவும் சொல்லிக்குடுக்கவும் ஊர் விட்டு ஊர் போகணும்னா எதுல போவாங்கன்னு யோசிச்சு, அந்த இயக்கத்தோட பாடத்துல சைக்கிள் ஓட்டறதையும் சேர்த்துட்டாங்க. சைக்கிள் வாங்க பெண்களுக்கு பேங்க் கடனுக்கு ஏற்பாடு செஞ்சாங்க. விவசாயக் கூலிகள், குடுமியான்மலை பக்கம் கல்குவாரியில வேலை பார்த்தவங்க, நர்ஸுங்க, டீச்சருங்கன்னு ஆயிரக்கணக்குல கத்துக்கிட்டாங்க. பொதுவுல நடந்த போட்டிகள்ல 70,000க்கும் மேல பெண்கள் சைக்கிளோட கலந்துக்கிட்டாங்கன்னு பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கார். அந்தக் கட்டுரை 1996ல வந்த அவரோட 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' புத்தகத்துல இருக்கு.

அப்போ எங்கம்மாவுக்கு 19 வயசு. பள்ளிக்கூட மைதானத்துல, நிலா வெளிச்சத்துல, ஒரு அக்கா பின்னாடி கேரியரைப் பிடிச்சுக்கிட்டு ஓட கத்துக்கிட்டாங்களாம். பகல்ல ஓட்டினா டீக்கடை பெஞ்சுலேர்ந்து கமெண்ட் வரும், அதனால முதல் பத்து நாள் ராத்திரிதான். முழங்கால்ல இன்னும் தழும்பு இருக்கு. தாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் பிடிக்கலை. அம்மாச்சிதான் கோழி வித்த காசைக் குடுத்து பழைய வண்டி ஒண்ணு வாங்கிக் குடுத்தாங்க. ஆம்பளை வண்டி. நடுவுல பார் போட்டது.

இதுல ஒரு நுணுக்கம். அந்த சமயத்துல லேடீஸ் சைக்கிள் கிடைக்கறதே குதிரைக்கொம்பா இருந்துச்சாம், அத்தனை பேர் ஒரே நேரத்துல கேட்டா கடைக்காரங்க எங்க போவாங்க. அதனால நிறையப் பேர் ஆம்பளை வண்டியே வாங்கினாங்க. ஆனா சில பேர் லேடீஸ் வண்டி கிடைச்சாலும் வேண்டாம்னுட்டாங்க. காரணம் அந்தப் பார். அதுல குழந்தையை உக்கார வைக்கலாம். சாய்நாத்தும் இதை எழுதியிருக்கார். நான் அதைப் படிச்சது கல்லூரியில. படிச்சப்போ எனக்கு ஆச்சரியமே வரலை, ஏன்னா அந்தப் பார்ல துண்டைச் சுத்தி உக்கார வெச்ச குழந்தை நான்தான்! 1999, 2000ல பால்வாடிக்கு அப்படித்தான் போவேன். பின்னாடி கேரியர்ல தண்ணிக் குடம் இருக்கும். இறங்கும்போது தொடையில துண்டோட வரி பதிஞ்சிருக்கும்.

அப்புறம் அந்த வண்டியிலயேதான் நான் குரங்கு பெடல் போட்டுக் கத்துக்கிட்டேன். அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்: பார் உயரம், கால் எட்டாது, அதனால பாருக்குக் கீழ காலை விட்டு, உடம்பை ஒரு பக்கமா வளைச்சு, அரைப் பெடல்ல விட்டு விட்டு மிதிக்கணும்.

2012ல பதினொண்ணாவது சேர்ந்தப்போ அரசாங்கம் குடுத்த இலவச சைக்கிள் வந்துச்சு. 2001-02ல பதினொண்ணு, பன்னெண்டு படிக்கிற பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்ச திட்டம், 2005-06ல பசங்களுக்கும் சேர்த்து எல்லாருக்கும்னு ஆச்சு. பீகார்ல 2006ல மாணவிகளுக்கு இதே மாதிரி ஒரு திட்டம் வந்துச்சு. அதை கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ஞ்சு பார்த்ததுல, உயர்நிலைக்குச் சேர்ற பெண்கள் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியிருந்துதாம். பள்ளிக்கூடம் தூரமா இருக்கற ஊர்கள்லதான் இந்த மாற்றம் அதிகம். ஓசியில பொருள் குடுத்து கெடுக்கறாங்கன்னு பேசறவங்க யாராச்சும் பக்கத்துல இருந்தா இந்த வரியை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க, ப்ளீஸ்.

ஆக, ராத்திரியில திருட்டுத்தனமா சைக்கிள் கத்துக்கிட்ட அதே அம்மா, பையன் சைக்கிள்ல வேலைக்குப் போறதை அவமானமா நெனைக்கறாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. வெச்சிட்டேன். ஆனா ராத்திரி யோசிச்சுப் பார்த்தா அவங்க பக்கம் நியாயம் இருக்கு. ஒரு காலத்துல கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சைக்கிள், வாட்ச், ரேடியோ கேட்டாங்க. இருந்தா பெரிய மனுஷன். அப்புறம் மொபெட் வந்துச்சு, பைக் வந்துச்சு, தவணை வந்துச்சு, சைக்கிள்ங்கறது வேற எதுவும் வாங்க முடியாதவங்களோட வண்டியாச்சு. 2011 கணக்கெடுப்புலயும் நாட்டுல நூத்துக்கு 45 வீட்ல சைக்கிள் இருந்துச்சு. விவசாயம், வீட்டுத்தொழில் தவிர்த்த வேலைக்காரங்கள்ல 13 சதவீதம் பேர் சைக்கிள்லதான் வேலைக்குப் போனாங்க. பைக், ஸ்கூட்டர்ல போனவங்களைவிட அது துளி அதிகம். ஆனா அவங்க யாரும் நம்ம கண்ணுக்குத் தெரியறதில்ல. காலை ஆறரைக்கு அம்பத்தூர் ரோட்ல போய்ப் பாருங்க, டிபன் பாக்ஸ் தொங்கவிட்டுக்கிட்டு வெல்டர், வாட்ச்மேன், வடக்கேர்ந்து வந்த பசங்கன்னு வரிசையா போவாங்க. ஒம்பது மணிக்குப் போற எனக்கே இது தெரியாம இருந்துச்சு.

2020 ஞாபகம் இருக்கா? ஊரடங்குல குருகிராமிலேர்ந்து பீகாரின் தர்பங்காவுக்கு, அடிபட்ட அப்பாவைப் பின்னாடி உக்கார வெச்சு 15 வயசுப் பொண்ணு சுமார் 1,200 கிலோமீட்டர் மிதிச்சா. செகண்ட் ஹேண்ட் சைக்கிள்ல. அடுத்த சில நாள்லயே, ஜூன் 3ம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்னைக்கே அட்லஸ் தன்னோட கடைசித் தொழிற்சாலையை சாஹிபாபாத்ல நிறுத்திட்டுது. அதே வருஷம் நகரத்துல உடற்பயிற்சிக்குன்னு கியர் சைக்கிள் வாங்க ஆளுங்க க்யூல நின்னு கடையில சரக்கே இல்லாமப் போச்சு. 2022ல இலங்கையில பெட்ரோல் இல்லாம ஸ்தம்பிச்சப்போ டாக்டருங்ககூட சைக்கிளுக்குத் திரும்பினாங்க.

ரெண்டு நாள் கழிச்சு அம்மாவே போன் பண்ணினாங்க. மொதல் வார்த்தையே, "பார் போட்டதாத்தானே வாங்கற?"

"ஆமாம்மா. ஏன்?"

"கேரியர் கம்பி கெட்டியா இருக்கான்னு தூக்கிப் பாரு. ஸ்டாண்டு ரெண்டு பக்கமும் ஊணுறதா கேளு, ஒத்தை ஸ்டாண்டு வேணாம், சாமான் கட்டினா சாஞ்சுரும். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுத்தி விடு, ஆட்டம் இருந்தா கோட்டம் எடுக்கச் சொல்லு. அப்புறம் சீட்டு உயரம் வெக்கும்போது..."

எழுதி வெச்சுக்கிட்டேன். பத்து நாள் நான் தேடிப் படிச்சதைவிட உருப்படியா இருந்துச்சு.

2025 அக்டோபர்ல வாங்கினேன். செப்டம்பர் 22லேர்ந்து சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12லேர்ந்து 5 சதவீதமா குறைஞ்சிருந்துது, அதுவும் ஒரு சௌகரியம். பூட்டு, லைட், பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர், பையைக் கட்ட ரப்பர் கயிறு எல்லாம் சேர்த்து 6,900. கணக்கை மறைக்காமச் சொல்லணும்னா பெட்ரோல் மிச்சம் பெருசா இல்ல. மாசம் 300 கிலோமீட்டருக்கு பைக் ஏழு லிட்டர் குடிச்சிருக்கும், சுமாரா 700 ரூபா. பெட்ரோலை மட்டும் வெச்சுப் பார்த்தா சைக்கிள் காசு எடுக்கவே பத்து மாசம் ஆகும். உண்மையான மிச்சம் அந்த 4,800தான். அது இப்போ ஊருக்குப் போகுது.

வாங்கப்போறவங்களுக்கு என் அபிப்ராயம்: பத்து கிலோமீட்டருக்குள்ள, சமதளம், பட்ஜெட் ஏழாயிரம்னா ரெண்டாவது யோசனையே வேணாம், கறுப்பு வண்டிதான். அஞ்சடி நாலு அங்குலத்துக்குக் குறைஞ்சவங்க 22 இஞ்ச் ஃபிரேம் வேணாம், 20 கேளுங்க, பார் இடிக்கும். பெரிய பாலம், மேடு அதிகம்னா ஸ்பிரிங் இல்லாத, கெட்டியான ஃபோர்க் வெச்ச வண்டி, பின்னாடி மட்டும் ஏழு கியர், கொஞ்சம் கூடக் குடுத்து வாங்கலாம். பதினஞ்சாயிரத்துக்குள்ள ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் போட்டு டிஸ்க் பிரேக்கும் குடுக்கறாங்கன்னா எங்கயோ இடிக்குதுன்னு அர்த்தம். என்னை நம்புங்க, 7,500 ரூபா நஷ்டப்பட்டுச் சொல்றேன்.

முதல் நாள் ஆபீஸ் பார்க்கிங்ல செக்யூரிட்டி அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "சைக்கிள் எல்லாம் வெளிய விடுப்பா, ஹவுஸ்கீப்பிங் ஆளுங்க அங்கதான் விடுவாங்க." கழுத்துல தொங்கின கார்டைக் காட்டினதும் பதறி, "சாரி சார், உள்ள விடுங்க சார்"னார். எனக்கு அந்த 'சார்' பிடிக்கலை. வெளியவே விட்டேன். அங்க வேப்பமர நிழல் இருக்கு, உள்ள இல்ல. இப்போ அந்த மரத்தடியில பதினோரு வண்டி நிக்குது. பத்து ஹவுஸ்கீப்பிங் அக்காங்களோடதும் அண்ணன்களோடதும். என் டயர்ல காத்து குறைஞ்சா அவங்கள்ல ஒரு அக்கா பம்ப் குடுப்பாங்க.

பொங்கல் முடிஞ்சு அம்மா சென்னைக்கு வந்தாங்க. மாடிப்படிக்குக் கீழ நின்ன வண்டியைச் சுத்தி வந்து, பின் டயரைக் கட்டைவிரலால அமுக்கிப் பார்த்து, காத்து பத்தலைன்னாங்க. பெல்லை ரெண்டு தடவை அடிச்சாங்க. அப்புறம் பாரைத் தடவிட்டு, "இதுல துண்டு சுத்தி வெச்சா பெயிண்டு போகாது"ன்னுட்டு மாடி ஏறிப் போயிட்டாங்க.